இருபத்து நான்கு டிகிரி

செப்டம்பர் 8

அம்மா போனில் கேட்டார். "நீ அங்க என்னதான்டி வேலை பாக்குற? கேக்குறவங்களுக்கு ஒரு வரியில சொல்ற மாதிரி சொல்லு." கெமிக்கல் இன்ஜினியர் என்றேன். "அது படிப்பு. வேலை என்ன?"

ஒரு வரியில் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை ஃபைபர் படகுகளுக்கான பிசின் செய்கிறது. அதற்கு ஸ்டைரீன் வேண்டும். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், லேசான இனிப்பு வாடை. அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. தானாகவே இறுகத் தொடங்கும். இறுகும்போது சூடு பிறக்கும். சூடு பிறந்தால் இன்னும் வேகமாக இறுகும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் வெளியிலிருந்து யாராலும் நிறுத்த முடியாது. டேங்க் கொதித்து வெடிக்கும். அதைத் தடுக்க இரண்டு காவல் உண்டு. ஒன்று குளிர்ச்சி. அடியிலிருந்து பம்ப் இழுத்துச் சில்லருக்கு அனுப்பும், குளிர்ந்தது மறுபடி அடியிலேயே வந்து சேரும். மற்றது, இறுகாமலிருக்கக் கலக்கும் ஒரு ரசாயனம். இங்கே எல்லோரும் அதை 'மருந்து' என்கிறார்கள். நாளாக ஆக மருந்து தீர்ந்துகொண்டே வரும்.

எத்தனை டிகிரியில், எவ்வளவு மருந்து மிச்சமிருந்தால், இன்னும் எத்தனை நாள் அது அமைதியாக இருக்கும்? இதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் என் வேலை.

அம்மாவிடம் "கணக்கு எழுதுற வேலை" என்று சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 10

படகு கட்டுகிறவர்களிடமிருந்து ஆர்டர் வரவில்லை. மூன்றாம் டேங்க் நிறைந்தபடி நிற்கிறது, ஜூலையிலிருந்து. விலை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டது.

மதியம் பம்ப் கொட்டகையில் வெப்ப மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். ஆபரேட்டர் அமீனின் ஷிப்ட். "மேடம், உங்க டேங்க் தூங்குது. எழுப்பிடாதீங்க" என்றார். மீட்டர் 24 காட்டியது. அடிக்குழாயில் மீட்டர், அடிக்குழாயிலேயே மாதிரி எடுக்கும் குழாய். இரண்டும் நிழலில் இருப்பதால் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. கட்டியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15

இன்று கூட்டத்தில் என் வரைபடத்தைக் காட்டினேன். மூன்றாம் டேங்கின் மருந்து எப்போது தீரும் என்பதற்கு ஒரு சிறிய எண், ஒரு பெரிய எண், நடுவில் ஒன்று. சிறியது பத்து நாள். பெரியது ஐம்பது.

ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரவரதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? ஜோசியக்காரன் மாதிரி இதுலேர்ந்து அதுக்குள்ளன்னு சொன்னா நான் மேல என்னன்னு ரிப்போர்ட் பண்றது? ஒரு நம்பர் குடு."

நடு எண்ணைக் கொடுத்தேன். முப்பது.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் கண்டுபிடித்த ஓர் எண்ணை ஐந்து பேர் குனிந்து எழுதுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அமீன் கேட்டார். "அந்தச் சின்ன நம்பர் எங்க போச்சு மேடம்?"

"அது ரொம்ப மோசமான நிலைமைக்கு. அப்படி நடக்க வாய்ப்பு கம்மி."

"எங்க வீட்ல மோசமான நிலைமையத்தான் உம்மா முதல்ல சொல்லும். அப்புறம்தான் சாப்பாடே போடும்."

சிரித்தேன். படிக்கட்டு இறங்கி வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்த அளவுக்குச் சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20

அம்மா: "ஓசூர் வரன். ஜாதகம் பொருந்தியிருக்கு. பூஜை லீவுல வா, சனிக்கிழமை சாயங்காலம் வர்றாங்க."

சரி என்றேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்து வைத்தேன். பாதியில் விட்ட ரஷ்ய நாவலை மறுபடி எடுத்தேன். முதல் மூன்று பக்கங்களில் யார் யாரென்றே விளங்கவில்லை.

செப்டம்பர் 26

இந்த ஆண்டு ஆயுத பூஜை புதன்கிழமை. வியாழன் விடுமுறை, வெள்ளியும் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். ஞாயிறுவரை தொழிற்சாலை மூடியிருக்கும்.

வழக்கம் இதுதான். பூஜைக்கு முன் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூஜை போட்டதை மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சை வைத்து ஓட்டுவார்கள். இந்த முறை மறுநாள் ஆள் இல்லை. அதனால் திங்கட்கிழமை காலைதான்.

மூன்றாம் டேங்கின் பம்பை மட்டும் ஓடவிடலாம் என்றேன். பம்ப் ஆபரேட்டர் கலியபெருமாள் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருஷம் பூரா ஓடுது. மனுஷன் மட்டும்தான் லீவு எடுக்கணுமா? போன வருஷம் ஒரு பம்புக்குப் பூஜை விட்டுப்போச்சு, மார்கழியில பேரிங் போச்சு."

"பேரிங்குக்கு கிரீஸ் போடலண்ணே, அதான் போச்சு" என்றார் அமீன்.

"நீ சும்மா இருய்யா. நீதான் பூஜைக்கு டியூட்டி பாக்கப் போறவன்."

அது இங்கே உள்ள ஏற்பாடு. ரம்ஜானுக்கு அமீனின் ஷிப்டை மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் அமீன் பார்ப்பார்.

சுந்தரவரதன் சார் என்னிடம் திரும்பினார். "உன் கணக்குப்படி பம்ப், சில்லர் இல்லாம திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமா தாங்காதா? ஒரே வார்த்தை."

24 டிகிரியிலிருந்து தொடங்கினால் ஒரு நாளைக்கு ஒரு டிகிரி ஏறும். திங்களன்று முப்பதைத் தொடாது. மருந்தும் இருக்கிறது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

"தாங்கும்" என்றேன்.

புதிய மருந்துக்கான ஆர்டரைப் பூஜை முடிந்து போடலாம் என்று சார் சொன்னார். அதற்கும் தலையசைத்தேன்.

அக்டோபர் 1

பம்ப் கொட்டகை கோவில் மாதிரி இருந்தது. வாழைக்கன்று, மாவிலை, பொரி, சுண்டல். பம்பின்மேல் பட்டை பட்டையாகச் சந்தனம். மீட்டர் கண்ணாடியிலும் ஒரு குங்குமப் பொட்டு. கலியபெருமாள் அண்ணன் சூடம் காட்டிவிட்டு ஸ்விட்சை அணைத்தார். இத்தனை நாள் காதில் விழாமலே இருந்த சத்தம் நின்றபிறகுதான் அது இருந்தது தெரிந்தது.

பூசணிக்காய் உடைத்தபோது ஒரு துண்டு வந்து அமீனின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. "திருஷ்டியெல்லாம் எனக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கிளம்பும்போது அமீன் சொன்னார். "தினமும் சாயங்காலம் மீட்டர் நம்பரை வாட்ஸ்அப்ல போடுறேன். நிம்மதியா லீவ என்ஜாய் பண்ணுங்க. ஊர்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா அம்மாவைப் பாக்க" என்றேன்.

அக்டோபர் 2

சீர்காழி. அம்மா என் புத்தகங்களோடு மடிக்கணினியையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்திருந்தார். இன்று காலை எடுத்துக் கொடுத்தார். திறக்கவில்லை.

மாலை செய்தி: "24. சாப்பிட்டீங்களா?"

அக்டோபர் 3

"24. இங்க நானும் செக்யூரிட்டி ரெண்டு பேரும் ஒரு நாயும். நாய் பேரு மானேஜர்."

இன்னும் 24தான். என் கணக்குப்படி இரண்டு டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். நான் பயந்ததைவிட நல்ல டேங்க். மத்தியான வெயிலுக்குக்கூட அசையவில்லை. பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் "நன்றி" என்று மட்டும் அனுப்பினேன்.

அக்டோபர் 4, காலை

அத்தை வந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறார். பச்சைப் புடவையா, மெரூன் புடவையா என்று பெரிய விவாதம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். போனை அம்மா வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். "அவங்க வர்ற நேரத்துல அதைப் பாத்துக்கிட்டு இருக்காத."

அக்டோபர் 6

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். போனை எடுத்தேன். செய்தி இருந்தது. "ஃப்ரீ ஆனதும் கூப்பிடுங்க. அவசரம் இல்ல." கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"24 தானே?" என்றேன்.

"மீட்டர் 24 தான் மேடம். ஆனா டேங்க் மேல ஏறிப் பாத்தேன். கை வைக்க முடியல."

"நாள் பூரா வெயில்ல நின்ன இரும்பு. சுடத்தான் செய்யும்."

"வெயில் போயிருச்சே. பக்கத்து டீசல் டேங்க்ல கை வெச்சா சாதாரணமா இருக்கு. இது மட்டும்தான் சுடுது. அடியில சூடு இல்ல, மேல போகப் போக சுடுது."

பம்ப் நின்றால் அடிக்குழாயில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையென்றால் மீட்டர் டேங்கைப் பார்க்கவில்லை. கொட்டகை நிழலில், குழாய்க்குள் தேங்கிய ஒரு குடம் திரவத்தைத்தான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று நாளும் ஒரே எண் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன்.

"பம்பைப் போடுங்க, அமீன்."

"பூஜை போட்ட பம்பு. திங்கக்கிழமை நல்ல நேரத்துலதான் தொடணும்னு அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு."

"போடுங்க."

"சரி சரி. கேட்டா நீங்க சொன்னீங்கன்னு சொல்லிருவேன்."

பம்ப் ஓடும் சத்தம் போனில் கேட்டது. அவன் எண்களைப் படித்தான். 24. 24. 29. 38. 52. பம்பின் சத்தம் மாறியது, முனகுகிற மாதிரி.

"இழுக்க மாட்டேங்குது மேடம். மாதிரிக் குழாயத் தொறந்தேன், பாகு மாதிரி வருது. கம்பிப் பதம் வந்திருச்சு." அதைச் சொல்லும்போதுகூடச் சிரித்தான். பிறகு கேட்டான். "எவ்ளோ நேரம் இருக்கு?"

கையில் கிடைத்த தாளில் கணக்குப் போட்டேன். 52. மருந்து இல்லை என்று வைத்துக்கொண்டேன். கொல்லைப்புற விளக்கில் என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை.

"ஆறு மணி நேரம். குறைஞ்சது" என்றேன்.

"போதும்" என்றான்.

வெளியே போங்க என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம்.

செக்யூரிட்டி இருவரையும் பக்கத்துக் குடியிருப்புக்கு அனுப்பியிருக்கிறான். மாரியம்மன் கோவில் மைக்கில் சொல்லவைத்து எல்லோரையும் மேற்கே, ரோட்டுப் பக்கம் நகர்த்தியிருக்கிறான். தீயணைப்புக்குச் சொல்லியிருக்கிறான். மீதி நேரத்தில் கிடங்கில் இருந்த அரை டிரம் மருந்தை வாளி வாளியாக மேலே ஏற்றி டேங்கில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆறு மணி நேரம் இருக்கிறது என்று நம்பிய ஒருவன் செய்யக்கூடிய வேலை அது.

ஒன்பது மணிகூட ஆகவில்லை. மேல்மூடி பிய்ந்து பறந்தது.

குடியிருப்பில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அமீன் புதுச்சேரி மருத்துவமனையில் இருக்கிறான்.

அக்டோபர் 7

மருத்துவமனை. உள்ளே விடவில்லை. வராந்தாவில் அவன் உம்மா உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை. "கூட வேலை பாக்குறவங்களா?" என்று அவரே கேட்டார். தலையசைத்தேன். பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். அது அவனுக்காகக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 8

வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.

அக்டோபர் 12

தொழிற்சாலைக்குள் போக அனுமதி கிடைத்தது. மூன்றாம் டேங்க் இருந்த இடத்தில் பிளந்த இரும்பும், அதன் உள்ளே கண்ணாடி மாதிரி இறுகிய மஞ்சள் பாளமும். கீழ்ப்பகுதி இன்னும் திரவமாகவே இருந்தது. குளிர்ந்தது அடியில் சேர்ந்து, அடியிலிருந்தே மறுபடி சில்லருக்குப் போயிருக்கிறது. மேலே இருந்தது ஜூலையிலிருந்து குளிர்ச்சியையே பார்க்கவில்லை. மருந்து மேலே எப்போதோ தீர்ந்திருக்கிறது. காலை மட்டும் நனைத்துவிட்டுக் குளித்தாயிற்று என்று சொல்லும் பிள்ளையை நம்புகிற மாதிரி நாங்கள் நம்பியிருக்கிறோம். நான் நம்பியிருக்கிறேன்.

52 டிகிரி என்பதுகூட அடியும் நடுவும் கலந்த எண். மேலே எத்தனை இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கலியபெருமாள் அண்ணன் உடைந்த பம்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நான் ஓடவுட்டிருக்கணும்மா. நீ சொன்ன அன்னிக்கே ஓடவுட்டிருக்கணும்" என்று அழுதார். நான்தான் 'தாங்கும்' என்று சொன்னேன் என்பது அவர் நினைவிலேயே இல்லை. அப்போது நினைவுபடுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 18

சீர்காழி. ஓசூர்க்காரர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதம் என்று அம்மா பேச்சை எடுத்தார். நான் பேசாமல் சாப்பிட்டேன்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பையனை நெனச்சு ஏன் இப்படிக் கெடக்குற? பாவம், நல்ல பையன்தான். அன்னிக்கி நாலரை மணிக்குக் கூப்பிட்டப்பகூட எவ்வளவு மரியாதையாப் பேசினான்."

"எப்பக் கூப்பிட்டான்?"

"அவங்கெல்லாம் வந்து உக்காந்த நேரம். அலமாரியில போன் அதிர்ந்துச்சு. நான்தான் எடுத்தேன். தமயந்தி மேடம் இருக்காங்களான்னான். பொண்ணு பாக்க வந்திருக்காங்கப்பா, இப்பப் பேச முடியாதேன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், அப்படியாம்மா, சந்தோஷம், அவசரம் ஒண்ணுமில்ல, அவங்க போனப்புறம் பேசிக்கறேன்னு வெச்சுட்டான்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"அவன்தான் அவசரம் இல்லன்னானே."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். அன்று அவர்கள் ஏழு மணிவரை இருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காசி யாத்திரை போய்வந்த கதையை விரிவாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் இரண்டு கேள்விகூடக் கேட்டேன். அங்கே அவன் சூடான இரும்புக்குப் பக்கத்தில், என் வீட்டு விசேஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தான்.

பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று ஒன்றாம் தேதியே சொல்லியிருந்தால் அவன் அங்கே அப்படி வாயடைத்துப் போயிருக்க மாட்டான். "அது கெடக்கட்டும்மா, போனை உடனே அவங்ககிட்ட குடுங்க" என்று சொல்லியிருப்பான். ஏன் சொல்லவில்லை? சொல்லும்படியான விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அக்டோபர் 19

நாலரை மணிக்குப் பம்பைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த முறை சிறிய எண், பெரிய எண் இரண்டையும் வைத்துப் போட்டேன்.

விடையை இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 4

விசாரணை. மூன்று அதிகாரிகள், ஒரு தட்டச்சர். சுந்தரவரதன் சார் எனக்கு முன்னால் போய்விட்டு வந்தார். "தமயந்தியோட கணக்குப்படி செஞ்சோம்" என்று சொன்னாராம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் பொய் ஒன்றும் இல்லை.

என்னிடம் வந்தபோது ஒரு அதிகாரி அமீனின் வாக்குமூலத்தைப் படித்தார். கண் கட்டியிருப்பதால் அவன் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதியது. 'தமயந்தி மேடம் உடனே வெளியே போகச் சொன்னார். மருந்து ஊற்றலாம் என்று நானாக முடிவு செய்து நின்றேன்.'

"சரிதானேம்மா?" என்று கேட்டார்.

தலையசைத்தேன்.

தட்டச்சர் அதையும் அடித்தார்.

நவம்பர் 5

மழை. ஹாஸ்டலில் மின்சாரம் இல்லை. நாள் முழுக்க ஒன்றும் படிக்கவில்லை.

நவம்பர் 11

சீர்காழி. அம்மாவிடம் ஓசூர் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. "மனசுல என்ன இருக்குன்னு உன் வயித்துக்குள்ள பூந்தா பாக்க முடியும்?" என்று அழுதார். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அப்பா போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 23

பரங்கிப்பேட்டைக்கு, அமீன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உம்மா. இந்த முறை பெயரைச் சொன்னேன். "நீதானா அது?" என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாம்மா, உள்ள வா" என்றார். ஏதோ அறிந்தவர்போலத்தான் இருந்தது. என்ன அறிந்திருக்கிறார் என்று தெரியவில்லை.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி. கைகளில் தோல் புதிதாக, ரோஜா நிறத்தில் இருந்தது. என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினான். சரியான திசையில் இல்லை, கொஞ்சம் தள்ளி.

"மேடம்தானே?"

"எப்படித் தெரியும்?"

"உம்மா யாரையும் இவ்ளோ மரியாதையா உள்ள கூப்பிடாது. மானேஜர் எப்படி இருக்கு?"

"சார் ரிடையர்மென்ட் வாங்கிட்டாரு."

"நான் நாயைக் கேட்டேன்."

உம்மா அடுப்படிக்குப் போனார். பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை.

"வெளிய போகச் சொன்னேன்னு எழுதவெச்சிருக்கீங்க. நான் அப்படிச் சொல்லல."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"உங்க வேலை போயிருக்கும். எனக்கு எப்படியும் போயிருச்சு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து என்ன பண்றது?"

"நானும் சரின்னு தலையாட்டிட்டேன், அமீன்."

அவன் விரல் நுனியால் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தான். நாளை போய்த் திருத்தி எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகவும் சொல்லவில்லை.

கல்யாணம் எப்போது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"இடது கண்ணு இருக்குல்ல மேடம்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "வெளிச்சம் தெரியுது. ஆள் நின்னா நிழல் மாதிரி தெரியுது. இப்ப நீங்ககூட ஒரு நிழல்தான். மேற்கொண்டு வருமான்னு கேட்டா டாக்டர் மழுப்புறாரு. தைரியமா இரு, நாளாகும்ங்கிறாரு. எவ்ளோ நாள்னு சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்க நெறைய படிக்கிறவங்க. சும்மா ஒரு நம்பர் சொல்லுங்களேன்."

நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கருவிழித் தீக்காயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஆறு மாதம் என்று ஓரிடத்தில், இரண்டு வருடம் என்று வேறோர் இடத்தில், இல்லவே இல்லை என்று இன்னோரிடத்தில் இருந்தது. நடு எண் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவன் முகம் அதற்காகக் காத்திருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் சிரித்தான், அன்று போனில் கம்பிப் பதம் என்று சொல்லிச் சிரித்தானே அந்த மாதிரியேதான்.

"இதை அன்னிக்கிச் சொல்லியிருந்தீங்கன்னா ஓடியிருப்பேன் மேடம்."

உம்மா டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவனுக்கு ஆற்றி, டம்ளரை அவன் விரல்களுக்குள் வைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.